சைக்கிள் சுருதி

எங்கள் வீட்டு ரீவியின் மேல் அம்மா ஊறுகாய்ப் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார். சண்டையால் மின்சாரம் போய் இரண்டு வருசத்துக்கு மேலாகியிருந்தது. அதற்கு முந்தி அந்தப் பெட்டிக்கு முன்னால் அரைவாசி ஒழுங்கைச் சனம் வந்து குந்தியிருக்கும். வளவில் நட்ட உயரக் குழாயில் அன்ரனாவைக் கட்டி, காற்றடிக்கும்போதெல்லாம் அதைத் திருப்பித் திருப்பி, கடலுக்கு அந்தப் பக்கத்து நிகழ்ச்சிகளை மழைக்குள்ளால் பார்க்கிற மாதிரிப் பார்த்திருக்கிறோம். இப்போது அதன் கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரிந்தது. சீப்பால் தலை இழுக்க உதவியது.

மின்சாரம் இல்லை. பற்றறி வரத் தடை. மண்ணெண்ணெய் சங்கக்கடையில் போத்தலால் அளந்து தருவார்கள். அளந்து கொடுக்கிற ஆட்களில் நானும் ஒருவன். இருந்தும் சண்டிலிப்பாயில் யாராவது பாட்டுக் கேட்காமல் விட்டார்களா, படம் பார்க்காமல் விட்டார்களா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. எதைத் தடைசெய்தாலும் அதை வேறொரு வழியால் வீட்டுக்குள் கொண்டுவந்து கதிரை போட்டு இருத்துவது என்று சனம் முடிவெடுத்திருந்தது.

அந்த நாளில் எல்லாருக்கும் பயம் இருந்தது. எனக்கு அது மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்தி வரும், அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீடு. ஜெனரேற்றரும் ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குப் பிடித்து, பட்டப்பகலில் யன்னலுக்குச் சாக்குக் கட்டிப் படம் போட்டார்கள். படத்தின் உச்சக்கட்டத்தில் வில்லன் ஹெலிகொப்ரரில் தப்பி ஓடுகிறான். மற்றவர்கள் வில்லனைப் பார்த்தார்கள். நான் சத்தத்தைக் கேட்டேன். "ஹெலி" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். சொன்னபோது நான் ஏற்கெனவே முற்றத்தில். பின்னால் பாதிச் சனம் வந்தது. எல்லாருமாக முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் நெருக்கிக்கொண்டு குந்தியிருந்தபோது மேலே ஹெலி வெடித்துச் சிதறுகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து வீட்டுக்குள்ளிருந்து கைதட்டலும் விசிலும் கேட்டன. அந்தப் படத்தில் வில்லன் எப்படிச் செத்தான் என்பதை எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பங்கருக்குள் என்னோடு இருந்தவர்கள் நெடுநாள் என்னோடு கதைக்கவுமில்லை.

என்னுடைய கொமிக்ஸ் புத்தகங்களை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு எங்கள் பங்கருக்குள் வைத்திருந்தேன். அதிக நேரம் நான் இருக்கிற இடத்தில் வாசிக்க ஏதும் வேண்டாமா? குதிரையில் வருகிற துப்பாக்கி வீரர்கள் நாலு பக்கமும் குண்டு பறக்கத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நிற்பதை, நான் முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு வாசித்தேன்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன்.

பற்றறி இல்லாத வீட்டில் கசற் கேட்கும் முறை இது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிட்டு, சீற்றிலும் கைபிடியிலும் நிற்க வைக்க வேண்டும். பின்சில்லில் டைனமோ. டைனமோவிலிருந்து இரண்டு வயர், இடையில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன இணைப்பு, பிறகு றேடியோப் பெட்டி. ஒருவர் பக்கத்தில் பலகைக்கட்டையில் இருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சில்லு சுற்றினால் பாட்டு வரும். கை நின்றால் பாட்டும் நிற்கும். வெறும் றேடியோ என்றால் மெதுவாகச் சுற்றும்போது குரல் தேயும், வேறொன்றும் நடக்காது. கசற் அப்படியல்ல. மெதுவாகச் சுற்றினால் பாடகிக்குத் தடிமன் பிடித்துக் கடைசியில் ஆம்பிளையாகிவிடுவார். வேகமாகச் சுற்றினால் அவரே பாலர் வகுப்புப் பிள்ளையாகிவிடுவார். நல்ல பெட்டிகளில் இதைச் சமன்செய்ய உள்ளே ஒரு சாமான் இருக்கும். எங்களுடைய பெட்டியில் அது செத்துப்போயிருந்தது. நெல்லியடியில் ஒரு திருத்துகாரரிடம் காட்டியபோது, சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார். அந்த நாளில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

சுற்றுகிறவன் நான். கேட்கிறவள் தங்கச்சி.

தங்கச்சிக்கு அப்போது இருபது வயது. சோதனை எழுதி, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சத்தால் தவறி, வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு வவுனியாவில் வேலை; பாதை திறந்தால் வருவார், பாதை திறப்பதில்லை. அவள் பாடுவாள். கிணற்றடியில் பாடுவாள், வெங்காயம் பிடுங்கும்போது பாடுவாள், பங்கருக்குள்ளும் பாடுவாள். மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பாட்டுக் குழு இருந்தது. கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுக் கச்சேரி செய்வார்கள். அவர்களுடைய பெண் குரலுக்குக் கனடாவில் கலியாணம் சரிவந்து போய்விட்டது. புதிதாக ஒரு பிள்ளை தேடுகிறார்களாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து தங்கச்சி சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மாவுக்கு அது விருப்பமில்லை. மேடையில் ஏறுகிற பிள்ளையை ஆர் கேட்டு வருவான் என்று கிழமைக் கணக்கில் புறுபுறுத்தார். தங்கச்சி வாதாடவில்லை. சமைத்தாள், கூட்டினாள், பாத்திரம் விளக்கினாள், ஒவ்வொரு வேலையின் முடிவிலும் "அம்மா, போகட்டே?" என்று மட்டும் கேட்டாள். கடைசியில் அம்மா களைத்துப்போனார்.

"ஒருக்காப் போய்ப் பாடு. எடுத்தினமெண்டால் நான் மறிக்கேல்லை. எடுக்காட்டில் இந்தப் பாட்டுக் கதை அதோடை முடிஞ்சுது. தையல் வகுப்புக்குப் போறாய்."

தங்கச்சி ஓம் என்றாள். தையலென்றால் அவளுக்கு ஊசிக்குள் நூல் கோர்க்கவே பொறுமையில்லை.

பாடிக்காட்ட அவள் ஒரு பாட்டைத் தெரிவுசெய்தாள். புதிதாக வந்த படத்தில் ஒரு பெண் தனித்துப் பாடுவது, கடினமான பாட்டு. கசற்றின் முதல் பக்கத்தில் மூன்றாவதாக இருந்தது. நான் சங்கக்கடை பூட்டி வந்து, தேத்தண்ணி குடித்து, சைக்கிளைக் கவிட்டு, பின்னேரம் நாலரைக்குச் சுற்றத் தொடங்குவேன். முதல் இரண்டு பாட்டையும் அம்மாவும் வந்திருந்து கேட்பார். மூன்றாவது பாட்டுக்குத் தங்கச்சி எழுந்து நின்று கூடப் பாடுவாள்.

அந்தப் பாட்டின் கடைசிச் சரணம் வரும் நேரத்துக்குத்தான், அனேகமான நாட்களில், பலாலி விமானத்தளத்துப் பக்கம் போகிற சகடை எங்கள் கூரைக்கு மேலால் போகும். சகடை என்பது நாங்கள் வைத்த பெயர். பெரிய, மெதுவான, கடகடவென்ற விமானம். சில நாட்களில் சும்மா போகும். சில நாட்களில் பீப்பாய்க்குள் குண்டடைத்து உருட்டிவிட்டுப் போகும். எந்த நாள் எது என்று அது முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே அது வருகிற சத்தம் கேட்டதும் என் கை பறக்கும். கால் பங்கருக்கு ஓட நினைக்கும். தங்கச்சி முறைத்தபடி நிற்பதால் கால் ஓடாது. ஓட முடியாத கால்களின் ஓட்டம் முழுவதும் கைக்கு வந்துவிடும். பாடகியும் குரலை உயர்த்திக்கொண்டு என்னோடு ஓடிவருவார்.

இரண்டு கிழமை போனபின் இன்னொன்றும் நடந்தது. சகடை வராத நாட்களிலும் அந்தச் சரணம் வந்தால் என் கை தானாகவே விரையத் தொடங்கியது. பாட்டு அப்படித்தான் என்று எனக்கே தோன்றியது. நன்றாக ஏறுகிற பாட்டு என்று அம்மாவும் சொன்னார்.

பிறகு மானிப்பாய்க்குப் போனோம். குழுவை நடத்தியவர் ஓர் ஆர்மோனிய மாஸ்ரர். வழுக்கைத் தலை, வெற்றிலைச் சிவப்பு வாய், அதிகம் கதைக்காத மனிசன். பக்கத்தில் தபேலாக்காரர். தங்கச்சி பல்லவியைத் தொடங்கியதும் மாஸ்ரர் நிமிர்ந்து பார்த்தார். முதல் சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிரம்பியது. கடைசிச் சரணம் வந்தது. தங்கச்சி ஓடத் தொடங்கினாள். குரல் ஒரு படி ஏறியது, இன்னொரு படி ஏறியது. தபேலாக்காரர் கொஞ்சத் தூரம் துரத்திப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மாஸ்ரர் ஆர்மோனியத்தை நிறுத்தினார். தங்கச்சி தனியே ஓடிப்போய் முடிவில் நின்று, வியர்வையைத் துடைத்தாள்.

"பிள்ளை, எங்கை ஓடுறீர்?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"பாட்டு அப்பிடித்தான் மாஸ்ரர்."

"இந்தப் பாட்டோ?"

"ஓம். எங்கடை கசற்றிலை அப்பிடித்தான் கிடக்கு."

அப்போதுதான் எனக்கு என் கை நினைவுக்கு வந்தது. நான் எழும்பி, சைக்கிள், டைனமோ, செத்துப்போன சாமான் எல்லாவற்றையும் விளக்கினேன். சகடையை மட்டும் விட்டுவிட்டேன். தபேலாக்காரர் சிரித்துச் சிரித்துத் தபேலாவின் மேலேயே சரிந்தார். மாஸ்ரர் சிரிக்கவில்லை. "அப்ப இது சைக்கிள் சுருதி" என்றார். யோசித்துவிட்டு, சனிக்கிழமை தானே வீட்டுக்கு வருவதாகவும், அந்தக் கசற்றை அந்தச் சைக்கிளிலேயே போட்டுப் பிள்ளை கூடப் பாட வேண்டும் என்றும் சொன்னார். "பிழை பிள்ளையிலையோ சைக்கிளிலையோ எண்டு பாப்பம்."

"சைக்கிளிலை இல்லை மாஸ்ரர்," என்றாள் தங்கச்சி. "சுத்துறவரிலை."

 வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது சொன்னாள்: "சனிக்கிழமை நீ ஓடினாயெண்டால், அண்ணை, நான் தைக்கிற முதல் சட்டை உனக்குத்தான். அதை நீ போட்டுக்கொண்டு சங்கக்கடைக்குப் போகவேணும்."

அம்மாவிடம் விசயத்தைச் சொன்னோம். மாஸ்ரரே வருகிறாரென்றால் சோதனை இன்னும் முடியவில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டார். ஆனால் தையல் வகுப்பில் ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டதாகவும் கூறினார்.

அந்தக் கிழமை முழுவதும் நான் சீராகச் சுற்றப் பழகினேன். கேட்க இலேசாகத்தான் இருக்கும். முதலில் சரியான வேகம் எதுவென்றே எங்களுக்குத் தெரியவில்லை. தங்கச்சி கோயில் ஐயரிடம் சுருதிப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். மாஸ்ரர் அன்று பிடித்த சுருதிக் கட்டையை அதில் வைத்துத் துருத்தியை அமத்துவாள். பாட்டின் தொடக்கத்தில் வருகிற வீணை அந்தச் சுருதியோடு ஒட்டும்வரை நான் கூட்டியும் குறைத்தும் சுற்ற வேண்டும். ஒட்டினால் இரண்டு சத்தமும் ஒரே சத்தமாகிவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது, அந்தக் கசற்றில் நாங்கள் கேட்டு வந்த பாடகி முதல் முறையாகத் தன் சொந்தக் குரலில் பாடுவதைக் கேட்டேன். இவ்வளவு நாளும் நாங்கள் அவரை எவ்வளவு படுத்தியிருக்கிறோம் என்று நினைத்தேன்.

வேகத்தைக் கண்டாயிற்று. அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் பாடு. திங்கட்கிழமை சகடை வந்தபோது நான் பங்கருக்குள் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை காதுக்குள் பஞ்சு வைத்தேன். சகடை கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை, பாடகியை ஆம்பிளையாக்கி விட்டேன் என்று தங்கச்சி எறிந்த விசிறி சொன்னது. அடுத்த நாள் கட்டியிருந்த சாரத்தின் நுனியை மேசைக் காலோடு முடிந்து வைத்தேன். சகடை வந்தது. நான் ஓடினேன். சாரம் மேசையோடு நின்றது. நல்லகாலம், உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இப்படி ஒரு மகனைப் பெற்றதற்கு என்ன பாவம் செய்தேன் என்று பிள்ளையாரிடம் விசாரித்தார்.

கொமிக்ஸ் வீரர்களையும் நினைத்துப் பார்த்தேன். உதவவில்லை. புத்தகத்தில் விமானச் சத்தம் எழுத்தில் இருக்கும். எழுத்துக்கு வயிறு கலங்காது.

ஆனால் நான் விடுவதாக இல்லை. தங்கச்சியும் விடுவதாக இல்லை. என் கை நின்று பாடகி வாயடைத்துப்போன பிறகும் அவள் பாடிக்கொண்டே நின்றாள். நான் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து கட்டையில் குந்தினால், "திருப்பிச் சுத்து" என்பாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் சோற்றைப் போடுகிற குரலில் சொன்னாள்.

வியாழக்கிழமைதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"அண்ணை, உனக்கு ஓடாமல் இருக்கேலாது. அது தெரியுது. அப்ப வாயாலை ஓடு."

"வாயாலை எப்பிடி ஓடுறது?"

"நீ பங்கருக்குள்ளை என்ன சொல்லுறனி?"

நான் பங்கருக்குள் முருகா முருகா என்று சொல்வேன். நிறுத்தாமல் சொல்வேன். அதை இங்கேயே இருந்து சொல்லும்படி சொன்னாள். பெடல் ஒரு முறை சுற்றினால் ஒரு முருகா. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பயம் எவ்வளவு வந்தாலும் அதை அந்த ஒரு சொல்லுக்குள் அடைக்க வேண்டும். சத்தமாகச் சொல், அழுதுகொண்டு சொல், எப்படியும் சொல், ஆனால் சுற்றுக்கு ஒன்று.

சொன்னேன். அன்று சகடை வந்தது. என் முருகா பெரிதாகியது. கை அதே வேகத்தில் சுற்றியது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. முருகனுக்கு நான் கொடுத்த வேலை, ஊரில் யாரும் கொடுத்திராத வேலை.

சனிக்கிழமை மாஸ்ரர் சைக்கிளில் வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் கவிழ்ந்த சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்தார். மாஸ்ரர் கதிரையில் இருந்து சுருதிப் பெட்டியைத் தானே அமத்தினார். நான் சுற்றினேன். வீணை வந்து சுருதியோடு ஒட்டியது. அவர் தலையாட்டினார். தங்கச்சி எழுந்து நின்றாள். அவளுடைய பெருவிரல் நிலத்தைக் கிண்டுவது எனக்குத் தெரிந்தது.

பல்லவி நன்றாகப் போனது. முதல் சரணமும் நன்றாகப் போனது. இடையிசையில் புல்லாங்குழல் வருகிற இடத்தில் தெற்குப் பக்கமிருந்து கடகடப்புக் கேட்டது.

முதலில் அம்மா நிமிர்ந்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். முருகா. சுருதிப் பெட்டியின் சத்தம் திடீரென்று நின்றுபோனது, ஏனென்று பார்க்கவில்லை. முருகா. கடைசிச் சரணம் தொடங்கியது. கூரைக்கு மேலே வந்துவிட்டது. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. அவை அவற்றின் பாட்டில் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். இந்தக் கை எனக்குச் சொந்தமில்லை, தங்கச்சிக்குச் சொந்தம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முருகா. எங்கோ தூரத்தில் விழுந்தது. கூரை ஓடு குலுங்கி, கழுத்துக்குள் மண் கொட்டியது. அவளுடைய குரல் ஏறவில்லை. இறங்கவுமில்லை. வீட்டுக்குள் நடந்து திரிகிறவள் மாதிரி அந்தச் சரணத்துக்குள் நடந்து, கடைசி வரியில் கொஞ்சம் நின்று, பல்லவிக்குத் திரும்பி வந்தாள்.

பாட்டு முடிந்தது. நான் நிறுத்தவில்லை. நாலாவது பாட்டும் தொடங்கிவிட்டது. தங்கச்சி வந்து சில்லில் கையை வைத்தபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

கதிரையில் மாஸ்ரர் இல்லை. அம்மாவும் இல்லை. சுருதிப் பெட்டி நிலத்தில் சரிந்து கிடந்தது. வாசலில் மாஸ்ரரின் ஒரு செருப்பு மட்டும் மல்லாந்து கிடந்தது. என்னுடைய வாழ்நாளில் குண்டு விழுந்தும் நான் ஓடாமல் நின்ற ஒரே ஒரு தரம், அதைப் பார்க்க ஒரு சனமில்லை.

தங்கச்சி கதவடியில் போய் நின்று பங்கர் வாசலைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இரத்தமில்லை. அவர் பாட்டைக் கேட்டிருக்கவே மாட்டார், இன்னொரு தரம் வருவாரோ தெரியாது என்று அவள் நினைப்பது எனக்கு விளங்கியது. கசற்றைத் திரும்பச் சுற்றவா என்று கேட்டேன். அவள் பங்கர் வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாஸ்ரர் மெல்ல ஏறி வந்தார். வேட்டி முழுக்க மண். தலையில் ஒரு சிலந்தி வலை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கதிரையில் அமர்ந்து, மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். நாங்கள் இரண்டு பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கீழை இருந்து கேட்டனான் பிள்ளை," என்றார். "பாட்டு ஓரிடத்திலையும் ஓடேல்லை."

தோளிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"ஓடினது நான்தான்."

"அப்ப, மாஸ்ரர்?" என்றாள் தங்கச்சி. 

"அப்பவென்ன. புதன்கிழமை ஒத்திகைக்கு வாரும். திருவிழாவுக்குக் கனக்கப் பாட்டு எடுக்கவேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, பின்னாலை முருகா முருகா எண்டு தாளம் போட்டது நீரோ? பிசகேல்லை. ஆனால் மேடையிலை அது வேண்டாம்."

பங்கர்ப் படியில் அரைவாசி ஏறி நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.  "இருட்ட முந்தி விட்டால் காணும். தமையன் போய்க் கூட்டியருவான்," என்றார். தையல் வகுப்பில் சொல்லி வைத்த இடத்தைப் பற்றி மாஸ்ரருக்கு முன்னால் எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை.

மாஸ்ரர் படலையடியில் அம்மாவோடு திருவிழாக் கதை கதைத்துக்கொண்டு நின்றார். தங்கச்சி கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவி, பிறகும் கழுவி, திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் நான் கட்டையிலிருந்து எழும்பினேன்.  கை இன்னும் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, எல்லாரும் மேலே ஏறி வந்துவிட்ட பங்கருக்குள் நான் இறங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தங்கச்சியின் ஈரமுகம் தெரிந்தது.

"அண்ணை, சகடை போயிட்டுது."

"தெரியும்."

"பிறகென்ன அங்கை செய்யிறாய்?"

"விடு பிள்ளை," என்றேன். "இப்பதான் எனக்குப் பயப்பிட நேரம் கிடைச்சிருக்கு."